முதல் அசையின் கனம்: தமிழ்ப் பேச்சிலும் யாப்பிலும் அழுத்தம் தங்கும் இடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் பறக்கும் ரயில் தடம் 2007-ஆம் ஆண்டு வேளச்சேரி வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பில் அடுத்தடுத்து வரும் நிலையங்கள் தரமணி, பெருங்குடி, வேளச்சேரி. இப்பெயர்களை அலகிட்டால் முதல் இரண்டும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன: தர/மணி, பெருங்/குடி. இரண்டும் நிரை நிரை, அதாவது கருவிளம். வேளச்சேரியோ வே/ளச்/சே/ரி என நான்கு நேரசையாகப் பிரிகிறது. தமிழ் எழுத்து அறியாத ஒருவர் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து இதே பெயரை ‘வெலசெரி’ என்று படிக்கும்போது இரண்டு நெடிலும் ஓர் இரட்டிப்பும் காணாமல் போகின்றன. அவர் ஏதோ ஓரிடத்தை அழுத்திச் சொல்லி அந்தக் குறையை நிரப்பப் பார்க்கிறார். தமிழ்க் காதுக்கு அது ஊர்ப்பெயராகவே கேட்பதில்லை. நெடிலையும் இரட்டிப்பையும் சரியாக வைத்துக்கொண்டு எந்த எழுத்தை உரக்கச் சொன்னாலும், எதைத் தாழ்த்திச் சொன்னாலும் அது வேளச்சேரிதான். இப்படிப்பட்ட சான்றுகளைக் கொண்டுதான் தமிழில் அழுத்தம் என்பதே இல்லை, அளவுதான் உண்டு என்ற முடிவுக்குப் பலர் வந்திருக்கிறார்கள். அந்த முடிவு பாதி சரி. தமிழ்ச் சொல்லில் முனைப்பான இடம் ஒன்று உண்டு. அது சொல்லின் முதல் எழுத்து அன்று, முதல் அசை என்பதே இக்கட்டுரையின் வாதம். யாப்பிலக்கணிகள் நேர், நிரை என்று வகுத்தது செய்யுளுக்காகச் செய்துகொண்ட கணக்கு மட்டுமன்று. பேச்சில் எந்த இடம் கனம் தாங்குகிறது, எந்த இடம் தேய்கிறது என்பதையும் அதே பகுப்பு காட்டிக் கொடுக்கிறது.

முதலில் ஒரு சொல்வழக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மொழியியல் நூல்கள் ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட துண்டு ஒவ்வொன்றையும் அசை என்கின்றன. யாப்பின் அசை வேறு. இங்கே அசை என்று வரும் இடமெல்லாம் யாப்பின் அசையே. மற்றதை ஒலித்துண்டு என்றே குறிக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் அழுத்தம் இடம் மாறினால் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிவிடுவது உண்டு. தமிழில் அப்படிப்பட்ட சொல்லிணை ஒன்றுகூட இல்லை. படி, பாடி, பட்டி ஆகிய மூன்றையும் பிரிப்பது நீளமும் இரட்டிப்பும்தான். ஆகவே தமிழின் அழுத்தத்தைப் பற்றி எழுதியவர்கள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. முதல் ஒலித்துண்டில் அழுத்தம் நிற்கிறது என்பார் சிலர். முதல் துண்டு குறிலாகவும் அடுத்தது நெடிலாகவும் இருந்தால் அழுத்தம் இரண்டாவதுக்கு நகர்கிறது என்பார் சிலர். இல்லவே இல்லை என்பாரும் உண்டு. மொழியியலாளர் எலினோர் கீன் 2006-இல் இந்தக் கேள்வியைச் சோதனை வழியே அணுகினார். சொல்முதலை ஒட்டிச் சுருதி அசைகிறது என்பதற்கு அங்கே இடமிருக்கிறது. நீளமும் உரப்பும் சேர்ந்து வரும் ஆங்கில வகை அழுத்தத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. இந்தக் கருத்து வேற்றுமைக்குக் காரணம் எல்லோரும் ஒலித்துண்டை அலகாக வைத்துத் தேடியதுதான் என்று நினைக்கிறேன்.

நேரசை, நிரையசை வரையறை பள்ளிப் பாடமாகவே தெரிந்தது. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேர். இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து, தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரை. இந்த வரையறையை மாத்திரைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். பட, படா, படல், படாம் ஆகிய நான்கும் நிரையே. அவற்றின் மாத்திரையோ இரண்டு, மூன்று, இரண்டரை, மூன்றரை. ‘பா’வும் ‘பட’வும் இரண்டு மாத்திரையே, ஆனால் ஒன்று நேர், மற்றது நிரை. வடமொழியின் மாத்திரை விருத்தங்களில் இரண்டு இலகு ஒரு குருவுக்கு ஈடாகும். தமிழில் அப்படி ஈடு கட்ட முடியாது. ஆகவே தமிழ் யாப்பு நேரத்தை மட்டும் எண்ணுகிறது என்பது பொருந்தாது. அது பார்ப்பது வேறொன்று: திறந்த குறில் ஒன்று தன் காலில் நிற்கிறதா, அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறதா? அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை ஒழிபியலில் இதற்கு ஒரு நுட்பமான விதி உண்டு. விட்டிசைத்து ஒலித்தாலன்றி, முதலில் வரும் தனிக்குறில் நேரசை ஆகாது என்பது அவ்விதி. ஒரு சீர் திறந்த குறிலில் தொடங்கினால் அது அடுத்த எழுத்தைத் துணைக்கு அழைத்துத்தான் தீரும்; நடுவில் மூச்சு விட்டு நிறுத்தினால் மட்டுமே விலக்கு. தனிக்குறில் நேரசையாவதெல்லாம் பாடி, கண்டு போன்றவற்றின் ஈற்றில்தான். தொடக்கத்துக்குக் கனம் வேண்டும், முடிவுக்கு வேண்டாம் என்ற உணர்வு இந்த விதிக்குள் இருக்கிறது.

செய்யுள் விதி பேச்சுக்கு எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். அதற்கு எழுத்திலக்கணத்திலேயே பதில் இருக்கிறது. தொல்காப்பியம் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை தருகிறது. நெட்டெழுத்தின் பின்னும் தொடர்மொழியின் ஈற்றிலும், வல்லின மெய்யின் மேல் ஏறிய உகரம் குறுகும். நாகு, கொக்கு, குன்று, வரகு, எஃகு எல்லாம் குறுகுகின்றன. பசு, நடு, புது குறுகுவதில்லை. இலக்கணம் கற்பிக்கும்போது இதைத் ‘தனிக்குறிலை அடுத்த உகரம் முற்றியலுகரம்’ என்ற வாய்பாடாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். ஏன் அப்படி என்று கேட்பதில்லை. அலகிட்டுப் பாருங்கள்: நா/கு, கொக்/கு, குன்/று, வர/கு, எஃ/கு. குறுகும் உகரம் ஒவ்வொன்றும் முதல் அசைக்கு வெளியே நிற்கிறது. பசு, நடு, புது மூன்றிலும் உகரம் நிரையசையின் உள்ளுறுப்பு. அதனால் அது குறுக மறுக்கிறது. அழுத்தமற்ற உயிர் தேய்வது உலக மொழிகள் பலவற்றில் காண்பது. தமிழில் தேய்வின் எல்லைக்கோடு முதல் அசை முடியும் இடத்தில் விழுகிறது. அதை மாத்திரை என்ற தம் அளவுகோலால் இலக்கணிகள் பதிவு செய்தார்கள். தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என்று தனி அசைகள் வகுத்ததும், பின்வந்த யாப்பு நூல்கள் அவற்றை விட்ட பிறகும் வெண்பாவின் ஈற்றில் காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளாக அவை தங்கிவிட்டதும் இதே கேள்வியறிவின் விளைவு: ஓரசையாக எண்ணப்படும் இடத்தில் அந்த உகரம் ஒரு வால் மட்டுமே. கதவு, உணவு போன்றவற்றில் உகரம் முதல் அசைக்கு வெளியே இருந்தும் குறுகவில்லையே என்பது நியாயமான மறுப்பு. அங்கே வல்லினம் என்ற இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை. முதல் அசைக்கு வெளியே இருப்பது தேய்வுக்கு வாய்ப்புத் தருகிறது. தேய்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. உயிர் வரும்போது முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என்று நன்னூல் ஒப்புக்கொள்வதையும் மறைக்க வேண்டியதில்லை, ‘அதன்று’ அப்படிப்பட்டது. சுட்டுப் பெயர்கள் தொடரில் சாய்ந்து ஒலிப்பவை. அவற்றில் அந்தத் தளர்வு வியப்பன்று.

எதுகையும் இதே பக்கம் நிற்கிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். முதல் எழுத்து அளவால் ஒத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை வெறும் ஒழுங்குக்காகச் சேர்த்த விதியாகவே பெரும்பாலும் கருதுகிறார்கள். அது செய்யும் வேலையைக் கவனித்தால், எதுகை பெற்ற இரு சொற்களின் முதல் அசை எப்போதும் ஒரே வகையாக அமைந்துவிடுவது தெரியும். கடலுக்குப் படம் எதுகையானால் இரண்டும் நிரையில் தொடங்கும். கட்டுக்குப் பட்டு எதுகையானால் இரண்டும் நேர். ஆங்கிலக் கவிதை அடியின் ஈற்றில் இயைபைத் தேடுகிறது. தமிழ்க் கவிஞன் அடியின் தலையில் தேடினான், ஏனெனில் அவன் மொழியில் கேட்பவரின் செவி கூர்ந்திருக்கும் இடம் அதுதான்.

இனி இன்றைய பேச்சு. சென்னையில் எந்தத் தெருவிலும் கேட்கும் மாற்றம் ஒன்று: இடம் ‘எடம்’ ஆகிறது, குடம் ‘கொடம்’, விலை ‘வெல’, புகை ‘பொக’, விளக்கு ‘வெளக்கு’, உடம்பு ‘ஒடம்பு’. முதலில் நிற்கும் இகரமும் உகரமும் அடுத்து வரும் அகர ஐகாரத்தின் இழுப்பால் எகரமும் ஒகரமும் ஆகின்றன. ஆனால் இல்லை ‘எல்லை’ ஆவதில்லை. கும்பம் ‘கொம்பம்’ ஆவதில்லை. விட்டம் ‘வெட்டம்’ ஆவதில்லை. வீடு, கூடை எதுவும் அசைவதில்லை. இடையில் ஒற்றை மெய் இருந்தால் மட்டுமே மாற்றம் என்று மொழியியலில் இதற்கு விதி எழுதுவார்கள். யாப்பின் சொல்லில் அதை இன்னும் சுருக்கிச் சொல்லலாம்: முதல் அசை நிரையானால் அதற்குள் இருக்கும் இரண்டு உயிரும் ஒன்றையொன்று பாதிக்கும், நேரானால் முதல் உயிர் அடுத்த அசையின் உயிருக்குச் செவி கொடுக்காது. நிரையசை ஒரே அலகு என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. தலை, மலை ஆகியவற்றின் ஐகாரம் பேச்சில் குறுகித் ‘தல’, ‘மல’ ஆகிறதே, முதல் அசைக்குள்ளும் தேய்வு உண்டு என்றாகாதா? ஐகாரம் குறுகினாலும் அந்த உயிர் மறைவதில்லை, அசையும் நிரையாகவே நிற்கிறது. குற்றியலுகரம் அடுத்த உயிர் வந்ததும் அடியோடு கெட்டுவிடும். இரண்டும் ஒரு தரத்தவை அல்ல.

சொற்கள் சுருங்கும் விதமும் பார்க்கத் தக்கது. பெயர் பேர் ஆனது; பொழுது போது ஆனது; பகுதி பாதி, மிகுதி மீதி, அகப்பை ஆப்பை. பிரித்து எழுதினால் பொழு/து போ/து ஆகிறது, பகு/தி பா/தி ஆகிறது, அகப்/பை ஆப்/பை ஆகிறது. சுருக்கம் முழுவதும் முதல் அசைக்குள் முடிந்துவிடுகிறது. எஞ்சிய பகுதியை அது தொடுவதில்லை. மாத்திரையையும் கூட்டிப் பாருங்கள். பெயர் இரண்டரை, பேர் இரண்டரை; பகுதி மூன்று, பாதி மூன்று; ஈற்று ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாவதால் அகப்பை மூன்றரை, ஆப்பை மூன்றரை. ஒரு மெய் விழுந்தது, இரு குறில் ஒரு நெடிலானது, நேரம் குறையவில்லை. ஆங்கிலேயர் நாவில் இதே ஊர்ப்பெயர்கள் பட்ட பாட்டை இதோடு ஒப்பிடலாம். எழும்பூர் ‘எக்மோர்’ ஆனபோது ‘எழும்’ என்ற நிரையின் இரண்டாம் உயிர் நசுங்கிப் போனது. திருவல்லிக்கேணி ‘ட்ரிப்ளிகேன்’ ஆனபோது முதல் அசையாகிய ‘திரு’வின் உகரமே மறைந்தது. அழுத்தம் பெறாததைக் கரைத்துவிடுவது அவர்கள் மொழியின் பழக்கம். தமிழ் தானாகச் சுருக்கும்போது முதல் அசையின் நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டே சுருக்குகிறது.

வற்புறுத்திச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பது இன்னும் தெளிவு. பெரிய என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘பெரீய’ என்கிறோம். புதுசா ‘புதூசா’ ஆகிறது, தனியா ‘தனீயா’ ஆகிறது. நீள்வது முதல் எழுத்தன்று, இரண்டாவது. நல்ல, சின்ன, ரொம்ப ஆகியவற்றிலோ முதல் துண்டின் ஒற்றே நீள்கிறது: ‘நல்ல்ல’, ‘ரொம்ம்ப’. முதல் எழுத்தில்தான் அழுத்தம் என்ற கொள்கை ‘பெரீய’வை விளக்காது, இரண்டாவதில்தான் என்றால் ‘நல்ல்ல’ விளங்காது. வற்புறுத்தல் முதல் அசையின் முடிவில் விழுகிறது என்றால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். நிரையானால் அது இரண்டாம் எழுத்து, நேரானால் முதல் துண்டு. ஆங்கிலத்தில் உரப்பும் சுருதியும் செய்யும் வேலையைத் தமிழ் நீளத்தைக் கொண்டு செய்கிறது. நீளத்தை எங்கே கூட்டுவது என்பதை அசை தீர்மானிக்கிறது.

கடன்சொற்கள் கொஞ்சம் கலங்கலான சான்று. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை, ஏனெனில் அழுத்த மொழி ஒன்று அசை மொழி ஒன்றை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது. ஆங்கிலத்தில் ஈற்றில் அழுத்தம் பெற்று வரும் சொற்கள் தமிழில் இரண்டு விதமாகப் பிரிகின்றன. பலூன், சலூன் ஆகியவற்றில் முதல் துண்டு திறந்த குறில். அது அடுத்த நெடிலோடு சேர்ந்து நிரையாகிவிடுவதால் நெடில் தப்பிக்கிறது. முதல் துண்டு கனமாக அமைந்த ஷாம்பு, கேரண்டி ஆகியவற்றில் ஆங்கிலத்தின் ஈற்று நெடில் குறிலாகிவிடுகிறது. ஹோட்டலில் ஆங்கிலம் அழுத்திச் சொல்லும் இரண்டாம் உயிர் அகரமாக மங்கிவிட்டது. சென்னைப் பேச்சின் ‘ஓட்டல்’ கனம் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டது. கேண்டீன் இதற்கு அடங்கவில்லை, மிஷின் அடங்கவில்லை. கடன் வந்த காலம், வந்த வழி, எழுத்துக்கூட்டைப் பார்த்துப் படித்தவரின் பழக்கம் என்று பல கைகள் இங்கே கலந்திருப்பதால் இதைப் போக்கு என்று மட்டுமே சொல்வேன்.

இந்த வாதத்துக்கு மூன்று பெரிய மறுப்புகள் எழக்கூடும். நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலி வேறுபாட்டைப் பேசுகிறதே, வினையாலணையும் பெயரைப் படுத்தல் ஓசையால் அறிக என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்களே, இது அழுத்தம் அல்லவா என்பது முதலாவது. நன்னூலாசிரியர் பவணந்தியார் அந்தத் திரிபு சிறிதளவே உண்டு என்று அளந்து பேசுகிறார். ‘வந்தான்’ என்பது வினைமுற்றாகவும் பெயராகவும் வரும்போது கேட்கும் வேறுபாடு தொடரின் ஓட்டத்தில் பிறப்பது. சொல்லுக்குள் நிலைத்து நிற்பதன்று. எடுத்தலையும் படுத்தலையும் அளவாகக் கொண்ட பாவகை எதுவும் தமிழில் பிறக்கவும் இல்லை. இரண்டாவது மறுப்பு சென்னையின் வாயிலிருந்தே வருவது. முதல் அசை அவ்வளவு உறுதியானதென்றால் இருக்கிறது எப்படிக் ‘கீது’ ஆனது? ‘இருக்’ என்ற நிரையசை முழுவதுமே அல்லவா விழுந்துவிட்டது? ‘வந்துகீறான்’ என்ற வடிவத்தைக் கவனித்தால் விடை தெரியும். துணைவினை முன்சொல்லோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. அங்கே முதல் அசை ‘வந்’, ‘இருக்’ அன்று. கொண்டு ‘கினு’வாகத் தேய்ந்ததும் அப்படியே. தேய்ந்த வடிவம் பிறகு தனியாகவும் புழங்கத் தொடங்கியது. இரண்டு ‘ரெண்டு’ ஆனது வேறு கதை: ‘இரண்’ என்ற நிரை, இகரம் எகரமாகி, ‘ரெண்’ என்ற நேராகக் கரைந்தது, பெயர் பேரானதைப் போல மாற்றம் முதல் அசையோடு நின்றது, கனமும் அங்கேயே தங்கியது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் முழு விடை தர இயலவில்லை. திருப்புகழின் சந்தங்களை அழுத்தக் கவிதை என்று சிலர் கருதுவது தவறு. அருணகிரிநாதரின் தந்தன, தத்தன, தான என்ற குழிப்புகள் குறில் நெடிலையும் ஒற்றின் இனத்தையும் இடத்துக்கு இடம் கட்டுப்படுத்துகின்றன, அவ்வளவுதான். சிக்கல் சிந்திலும் கும்மியிலும் வருகிறது. சிந்துப் பாவியலை ஆராய்ந்த இரா. திருமுருகன் காட்டியபடி, அங்கே குறில் நெடில் பாராமல் உயிரும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் ஓரசையாக எண்ணப்படுகின்றன. நேரத்தைத் தாளம் கொடுத்துவிடுகிறது. நேர் நிரைப் பகுப்பு அங்கே செல்லாது. தட்டு விழுவது பெரும்பாலும் சீரின் தலையில்தான், மோனையும் எதுகையும் அங்கும் தலையைத்தான் குறிவைக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் பாட்டின் தாளம் மொழியின் அளவை மீறி ஆள முடியும் என்பதை ஏற்க வேண்டும். பாரதி சிந்தையும் கும்மியையும் எடுத்தாண்டபோது தமிழ்க் கவிதைக்குள் நுழைந்த புதிய ஓட்டத்தில் இந்த மீறலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

வேளச்சேரியை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் இந்திய மொழிகளின் எழுத்தைப் பேச்சாக்கும் தொழில்நுட்ப ஆய்வு நடைபெறுகிறது. சிறிது தூரத்தில், தரமணியில், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யாப்பு கற்றவர்களும் ஒலி அளப்பவர்களும் நடந்தே சந்தித்துக்கொள்ளக்கூடிய தொலைவு அது. இங்கே முன்வைத்த கருத்தைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அளவிடுபவர்களிடம் வேண்டுவது ஒன்றே: நிரையில் தொடங்கும் சொற்களையும் நேரில் தொடங்கும் சொற்களையும் ஒரே குவியலாகச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியே அளந்து, முடிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.